மலையேறுகிறவர்களுக்கு ஒரு மடிப்பு

அப்பாவின் இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். யாரும் என்னிடம் பேசிவிடக் கூடாது என்று ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தேன். முன் சீட்டில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி, பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“மலையில விழுந்தவனுக்கு என் மடிப்புதான்ட்டி வேணும்.”

“என்னட்டி உளறுத?”

“நீ வராத அன்னைக்கு, கம்பெனி வேன்ல ஊட்டிக்கு டூர் போனோம்லா? வழியில கோயம்புத்தூர்ல மலையேறுத சாமான் கண்காட்சி. சூப்பர்வைசர் கூட்டிட்டுப் போனாரு. கூடாரம், கயிறு, பூட்ஸு, எம்புட்டுக் கடை! ஒரு கடையில மருந்துப் பையத் திறந்து, ‘ஒரு கை ஒடிஞ்சாலும் மத்தக் கையால பிரிக்கலாம்’னு பேண்டேஜ் ரோல இழுத்துக் காட்டுதான். நுனி முக்கோணமா மடிச்சிருக்கு.”

“நீ மடிக்கியே, அதுவா? நேரம் வீணாகுதுன்னு சூப்பர்வைசர் தெனம் வைவாரே?”

“அதேதான். நான் மடிச்சதுன்னு சொன்னேன். கடைக்காரன் நம்பல. ஒரு ரோல நீட்டி, மடிங்கன்னான். அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால மடிச்சேன். அவனே ஒத்தக் கையால இழுத்தான், சர்ருனு வந்துட்டு. எல்லாரும் கைதட்டுதாங்கட்டி!”

“சூப்பர்வைசர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“கூட்டத்த விலக்கிட்டு வந்து, ‘எங்க கம்பெனிப் பிள்ளை, நாந்தான் இப்படி மடிக்கச் சொன்னேன்’னாரு.”

“நீ சும்மாவா விட்ட?”

“விடுவேனா? ‘அப்போ நீங்களே ஒண்ணு மடிச்சுக் காட்டுங்க சார்’னேன்.”

அப்பாவின் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டே நானும் சிரித்துவிட்டேன்.