அலியும் டைசனும் விருதுநகர் பஸ்ஸில்

ஹேமலதா: ...அதெல்லாம் இருக்கட்டும். பாக்ஸிங் ரிங்குல ஒன் டைசன் கிட்டப் போனாத்தான குத்த முடியும்? அலி போக விட்டாத்தான?

சுகந்தி: போகாம? குனிஞ்சு குனிஞ்சே உள்ள போயிருவான்டி. நாலடி தள்ளி நின்னு ஆடுற ஆளு என்ன செய்வாரு?

ஹேமலதா: அந்த ஆட்டம் லேசுப்பட்டதா? அவுக காலு தரையில நிக்காது. மொத மூணு ரவுண்டு ஒன் ஆளு காத்தத்தான் குத்துவான். நாலாவது ரவுண்டுல மூச்சு வாங்கும்...

சுகந்தி: நாலாவது ரவுண்டு வரைக்கும் யாரு விட்டா? மொத ரவுண்டு, ஒன்றர நிமிசம். விலாவுல ஒண்ணு, தாடையில ஒண்ணு. வீட்டுக்குப் போகலாம்.

ஹேமலதா: ஒன் ஆள நீயே அவன் இவன்னுதான் சொல்ற. நான் அலிய அவுகன்னு சொல்றேன். இதுலயே தெரியலையா யாரு பெரியவுகன்னு?

சுகந்தி: புடிச்சவன அவன்னுதான் சொல்லுவாக. நீ பயந்தவுகள எல்லாம் அவுகம்ப. நம்ம மாரிக்கண்ணன் சார அவுகம்ப, ஒங்க அப்பாவ அவுகம்ப...

ஹேமலதா: கோச்ச வேற எப்படிடி சொல்ல? பேச்சுக் குடுக்காத. தொண்ட காயுது.

சுகந்தி: எனக்கு மட்டும் என்ன? நேத்து மத்தியானத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல.

ஹேமலதா: நானும்தான். எடை போட்டு முடியிற வரைக்கும் எச்சியக்கூட முழுங்கக் கூடாதுன்னுட்டாகளே சாரு.

சுகந்தி: ஏய், பின்னாடி சீட்டு அக்கா நம்மளையே பாக்குது.

ஹேமலதா: பாக்காம? அருப்புக்கோட்டை வெயில்ல ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டரப் போட்டு விருதுநகர் பஸ்ஸுல உக்காந்திருக்கோம். காய்ச்சக்காரிகன்னு நெனச்சிருக்கும்.

சுகந்தி: பாக்ஸிங் போறோம், வேர்த்து எடை கொறையணும், நாப்பத்தெட்டுக் கிலோவத் தாண்டக் கூடாதுன்னு சொல்லேன்.

ஹேமலதா: சொன்னா விடுமா? ரெண்டு பேருக்கும் ஒரே எடையாம்மான்னு கேக்கும். அப்ப யாரு கூடச் சண்டன்னு கேக்கும்...

சுகந்தி: அந்தப் பேச்ச விடு. சரி, எங்க வச்சு நடத்துறது?

ஹேமலதா: எத?

சுகந்தி: அலி டைசன் சண்டையத்தான். அமெரிக்கா வேணாம், டிக்கெட்டு கட்டுபடியாகாது.

ஹேமலதா: திருச்சுழி ரோட்டுல வச்சுக்குவோம். பருத்தி எடுத்து முடிஞ்ச காடு சும்மாத்தான கெடக்கு. ரிங்கு கட்ட எங்க தறிக்கூடத்துலருந்து கயிறு தாரேன்.

சுகந்தி: மத்தியானம் ரெண்டு மணிக்கு.

ஹேமலதா: அந்த வெயில்லயா? சுருண்டு விழுந்துருவாகடி ரெண்டு பேரும்.

சுகந்தி: எங்க அம்மா அந்த வெயில்லதான் பருத்தி எடுக்குது. எம்.ரெட்டியபட்டியில பாதிப் பேரு அந்த வெயில்லதான் நிக்கிறாக. சாம்பியன்னா தாங்கட்டும். கூட்டம் பந்தல்குடி வரைக்கும் நிக்கும் பாரு. ஷேர் ஆட்டோக்காரங்க காட்டுல மழதான்.

ஹேமலதா: எந்த வயசு அலி? எந்த வயசு டைசன்? கெழவரையும் எளவட்டத்தையும் கோத்துவிட்டு ஜெயிச்சோம்னு சொல்லக் கூடாது.

சுகந்தி: ரெண்டு பேருக்கும் இருவத்திரெண்டு. அப்பத்தான் நியாயம். ரெஃபரி மாரிக்கண்ணன் சாரு.

ஹேமலதா: அய்யய்யோ. அலி பேசிக்கிட்டே ஆடுற ஆளாச்சே. "வாய மூடிக்கிட்டு ஆடுய்யா"ன்னு சாரு வெரட்டிருவாகளே.

சுகந்தி: வெரட்டட்டும். மணி அடிச்சாச்சு. டைசன் உள்ள வாரான்...

ஹேமலதா: அலி நகந்துட்டாக.

சுகந்தி: மறுபடி வாரான்.

ஹேமலதா: எடது கையால மூஞ்சியில மூணு தட்டு. டப்பு, டப்பு, டப்பு. "என்னப்பா தம்பி, இங்கிட்டு நிக்கிறேன், அங்கிட்டுப் பாக்குற?"ங்கறாக.

சுகந்தி: அவனுக்கு ரோசம் வந்துருச்சு.

ஹேமலதா: வரட்டும். காதுல பல்லுப் போடாம இருந்தாச் சரி.

சுகந்தி: அது பின்னால, வேற ஆளுகிட்ட நடந்ததுடி. இப்ப அவன் நல்ல புள்ள. இந்தா, மூலைக்குத் தள்ளிட்டுப் போயிட்டான். அலிக்கு நகர எடமில்ல. கயித்துல சாஞ்சுட்டாரு. விலா தெறந்து கெடக்கு...

ஹேமலதா: குத்துனானா?

சுகந்தி: குத்தல.

ஹேமலதா: ஏன்?

சுகந்தி: டைசனுக்கு அலின்னா உசுராம். போன்ல ஒரு பேட்டியில பாத்தேன். சின்னப் புள்ளயிலருந்தே அப்படியாம்.

ஹேமலதா: அதுக்கு? மணி அடிச்சப்பறம் சாமியாவது, பூதமாவது.

சுகந்தி: அப்ப நீயா இருந்தா குத்திருவ?

ஹேமலதா: நெஞ்சப் பாத்துக் குத்திருவேன். மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு சாரு சொல்லியிருக்காகள்ல.

சுகந்தி: ஜெயிச்சப்பறம் மூஞ்சியப் பாக்கணுமேடி.

ஹேமலதா: ...நீ இப்ப யாரப் பத்திப் பேசுற?

சுகந்தி: டைசனப் பத்தித்தான். நீ யாரப் பத்தி நெனச்ச?

ஹேமலதா: நானும் டைசனப் பத்தித்தான்.

சுகந்தி: ம்.

ஹேமலதா: அவுகளுக்கென்ன, தோத்தாலும் பேரு இருக்கு. இங்க நாப்பத்தெட்டுல ஜெயிக்கிற ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும்.

சுகந்தி: தெரியும்டி. மூணு மாசமா அதத்தான நெனச்சுக்கிட்டு இருக்கோம்... ஒங்க வீட்ல மாப்ள பேச்சு இன்னும் ஓடுதா?

ஹேமலதா: மாநிலம் போனா ரெண்டு வருசத்துக்கு அந்தப் பேச்ச எடுக்க மாட்டோம்னு அப்பா வாக்குக் குடுத்திருக்காக. போகலேன்னா ஆவணியில நிச்சயம். ஒனக்கு?

சுகந்தி: மாநிலம் ஆடுன சர்டிபிகேட்டு இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பி.பி.எட் சீட்டு. பி.டி. டீச்சராயிருவேன். இல்லேன்னா எங்க அக்கா கூடப் பஞ்சு மில்லுக்கு.

ஹேமலதா: அப்ப ஒனக்குத்தான் முக்கியம்.

சுகந்தி: ஒனக்குத்தான்.

ஹேமலதா: போடி.

சுகந்தி: நீ போடி. எந்திரி, விருதுநகரு வந்துருச்சு. ஸ்டேடியத்துக்கு நடந்தே போயிருவோம். இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும்.

ஹேமலதா: ஆமா ஆமா... வேர்க்கட்டும்.

மேடம்: எடை போடுறவங்க வரிசையா வாங்கம்மா. ஸ்வெட்டரக் கழட்டு. ரெண்டா போட்டிருக்க? ரெண்டையும் கழட்டு. பேரு?

ஹேமலதா: ஹேமலதா, மேடம். அருப்புக்கோட்டை. நாப்பத்தெட்டுக் கிலோ.

மேடம்: ஏறு. அசையாத... நாப்பத்தொம்பது கிலோ நூறு. நாப்பத்தெட்டுல ஆட முடியாதும்மா. அடுத்த பிரிவு, அம்பத்தொண்ணுல எழுதுறேன்.

ஹேமலதா: சரி மேடம்.

சுகந்தி: என்னடி சரி மேடம்? நேத்துச் சாயங்காலம் நாப்பத்தேழு எண்ணூறுதான இருந்த?

ஹேமலதா: ஏறிருச்சு.

சுகந்தி: எப்படி ஏறும்?

ஹேமலதா: பத்து இட்லி தின்னா ஏறாதா? மேல ஒரு சொம்பு மோரு. பஸ்ஸுக்கு வர்றதுக்கு முந்திதான்.

சுகந்தி: ஹேமா...

ஹேமலதா: மூஞ்சிய அப்படி வைக்காத. நாப்பத்தெட்டு இனி ஒனக்குத்தான். மிச்சம் இருக்கிறது பந்தல்குடி பிரவீணா ஒருத்தி. அவள நீ மொத ரவுண்டுலயே முடிச்சிருவ. போ, ஏறு.

மேடம்: அடுத்து யாரு?

ஹேமலதா: ஏண்டி மரமாட்டம் நிக்கிற?

சுகந்தி: மேடம்... ஒரு அஞ்சு நிமிசம்... பாத்ரூம் போயிட்டு வந்துரட்டா?

மேடம்: எல்லாம் எடை போட்டுட்டுப் போகலாம். பேரு?

சுகந்தி: சுகந்தி. எம்.ரெட்டியபட்டி.

மேடம்: ஏறும்மா. எறங்காத, இரு... நாப்பத்தொம்பது கிலோ நானூறு. என்ன, ரெண்டு பேரும் சொல்லி வச்சுட்டு வந்தீங்களா? நீயும் அம்பத்தொண்ணுதான்.

ஹேமலதா: அடியே... நீயுமா?

சுகந்தி: ம்.

ஹேமலதா: மேடம், அம்பத்தொண்ணுல எத்தன பேரு?

மேடம்: இதுவரைக்கும் யாருமில்ல. இப்ப நீங்க ரெண்டு பேரு. நேரா ஃபைனல்தான், மூணு மணிக்கு. ஜெயிக்கிறவ மாநிலத்துக்கு. நாப்பத்தெட்டுல அந்தப் பிரவீணா மட்டும். குடுத்து வச்ச புள்ள, கையே ஓங்காம மாநிலத்துக்குப் போகுது. தள்ளி நில்லுங்க, அடுத்த ஆளு வரட்டும்.

ஹேமலதா: கேட்டியாடி?

சுகந்தி: கேட்டேன்.

ஹேமலதா: பிரவீணாவுக்கு ரெண்டு பேருமாச் சேந்து ஒரு சால்வ எடுத்துப் போட்டுருவோமா?

சுகந்தி: சிரிப்பு மூட்டாத. வயித்துக்குள்ள ரெண்டு பாட்டிலு தண்ணி கெடக்கு.

ஹேமலதா: பச்சத்தண்ணி பல்லுல படலன்ன?

சுகந்தி: எச்சியக்கூட முழுங்கலன்ன நீ?

ஹேமலதா: எல்லாம் ஒனக்காகத்தாண்டி தின்னேன்.

சுகந்தி: எங் கண்ணப் பாத்துச் சொல்லு.

ஹேமலதா: ...பாதி ஒனக்காக. மீதி... நீ விலாவுல எறக்குவியே, அந்தக் குத்துக்குப் பயந்து. ஒரு வாரமாத் தூக்கமில்ல.

சுகந்தி: அப்படி வா வழிக்கு.

ஹேமலதா: ரொம்பத்தான் பீத்தாத. நீயும் என்னயப் பாத்துப் பயந்துதான தண்ணியக் குடிச்ச?

சுகந்தி: ஒன்னயப் பாத்து எனக்கென்னடி பயம்? ஒன்ன ஜெயிச்சிருவேன்னு நல்லாத் தெரியும். ஜெயிச்சா, திரும்பிப் போறப்ப நீ வேற சீட்டுல போயி உக்காந்துக்கிருவ... அத மட்டும் என்னால தாங்க முடியாதுடி.