ஒரு நண்பர் காட்டித் தந்த கூடு

பறவை பார்க்கிறவன் விடியமுன் எழும்புகிறான் என்பதற்காகவே அவனை நல்லவன் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பெயர் பல வருடங்களாக இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமையோடு ஜவாத் காக்கா மௌத்தாகி நம்மை விட்டுப் போய் ஒரு வருடம். நமது ‘வயல்வெளிப் பறவைகள்’ முகநூல் குழுவில் அன்றைக்குப் போடுவதற்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். அவரை ஆகக் கூடுதலாகத் தெரிந்தவன் நான்தான் என்றீர்கள். அதில் பிழையில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

குழுவைத் தொடங்கியவன் நான். ஆறாயிரம் பேர் சேர்ந்துவிட்ட பிறகும், கல்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இந்த ஹாதிக்தான் அதன் அட்மின் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சட்டங்களை எழுதியவனும் நான்தான். எந்தப் பதிவும் என் அனுமதி இல்லாமல் வெளியே வராது. அப்படி இல்லாவிட்டால் பூப்போட்ட காலை வணக்கமும் காணி விற்பனையும்தான் மிஞ்சும். அடுத்தது, கூடுகளைப் பற்றிய சட்டம். குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை படம் போடக்கூடாது. இடத்தைச் சொல்லக்கூடாது. கண்டவரின் பெயரை ஒருபோதும் எழுதக்கூடாது, ஏனென்றால் பெயர் தெரிந்தால் ஆளுக்குப் பின்னால் போவார்கள், அடுத்த கூடும் அகப்பட்டுவிடும். நல்ல சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜவாத் காக்கா அக்கரைப்பற்றுக்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணன் முறையில்தான் காக்கா என்போம். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கண்ட பறவைகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நான்தான் அவரைக் குழுவில் சேர்த்தேன். ஒரே வருடத்தில் குழு அவருடையதாகிவிட்டது. சாய்ந்தமருது நஸ்லா தன் முதல் படமாக ஒரு மைனாவைப் போட்டபோது, நாளுக்கு நூறு மைனா பார்க்கிற நாம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அவர் மட்டும் அந்த மைனாவின் கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சளைப் பற்றி ஆறு நிமிடம் பேசிக் குரல்பதிவு அனுப்பினார். இப்படித்தான் நீங்கள் எல்லோரும் அவர் பக்கம் போனீர்கள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

போன வருடம் தை மாதம் மாவடிப்பள்ளி வயல் ஓரத்துப் பன்புல்லுக்குள் மயில் உள்ளான் கூடு ஒன்றைக் கண்டேன். அந்தப் பறவையில் ஆண்தான் அடைகாக்கும், பெண் தன் பாட்டில் போய்விடும். பதினொரு நாள் சேற்றில் கிடந்தேன். இந்த ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் சொன்னேன். காக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

குஞ்சுகள் இறங்கிப்போய் ஒரு கிழமை கழித்து அவருடைய படம் அனுமதிக்கு வந்தது. தகப்பனின் செட்டைக்குக் கீழே நான்கு குஞ்சு, ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. என்னுடைய படங்கள் எல்லாம் மங்கல். அவர் படத்தின் கீழே எழுதியிருந்தார்: ஒரு நண்பர் காட்டித் தந்த கூடு.

நான் அனுமதித்தேன். ஐயாயிரம் லைக். கொழும்பில் இருந்தெல்லாம் பகிர்ந்தார்கள். ‘அந்த நண்பருக்கும் நன்றி’ என்று ஒரு ஆள்கூட எழுதவில்லை.

சட்டம் எனக்குத் தெரியாதா? நான் எழுதியதுதானே. ஆனால் சட்டம் மற்றவர்களுக்கு. என்னோடு ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்ற மனிதர், ‘தம்பி, ஒண்ட பேரப் போடவா’ என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்பிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு என்னைப் பெயரில்லாதவனாக்கிவிட்டார். ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதுகில் குத்துவது என்று இதைத்தான் சொல்வார்கள்.

பங்குனியில் நெல்வெட்டு முடிந்தது. வெட்டு முடிந்தால் யானைகள் வைக்கோலுக்கு இறங்கும். நாவிதன்வெளியில் வயல் செய்யும் தனுசன், காவல் குடிலில் இருந்து விடியமுன் எழும்பி, யானை நின்றால் குழுவில் போடுவான். அவன் போட்டால் அந்தப் பக்கம் போகமாட்டோம். போடாவிட்டால் வழி சரி என்று அர்த்தம். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவர் ஜவாத் காக்கா. சுபஹ் தொழுதுவிட்டு முதல் வேலையாக அவன் பதிவை அனுமதிப்பது என் வழக்கம்.

அன்றைக்கு ஐந்து இருபதுக்கு அவன் பதிவு வந்தது. வாய்க்கால்கட்டில் ஒரு தனியன் யானை நிற்கிறது, ஒருவரும் வர வேண்டாம் என்று எழுதியிருந்தான். வாசித்தேன். போனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். அந்த நேரத்தில் எனக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை என்று சொல்லலாம். அது பொய். முதல் நாள் பின்னேரமே அவர் அங்கே போவதாகக் குழுவில் எழுதியிருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்குக் கோல் எடுத்தார்.

“தம்பி, தனுசன் இண்டைக்கு ஒண்டும் போடல்லயே. போனும் எடுக்கிறானில்ல. வழி சரிதானே?”

“குழுவில ஒண்டும் இல்ல காக்கா.”

“அப்ப நான் வாய்க்கால்கட்டால போறன். நீயும் வாவன். வாத்து நிறைய இறங்கி இரிக்காம்.”

கடையில் வேலை இருக்கிறது என்றேன். பத்திரமாகப் போகச் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குழுவில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆறு நாற்பதுக்குப் பதிவை அனுமதித்தேன். ஏழு மணிக்கு வைக்கோல் கட்ட வந்தவர்கள் அவரைக் கண்டார்கள்.

ஜனாஸாவில் உங்களில் பலர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. தனுசன் மையவாடி வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றான். “அண்ணன், நான் அஞ்சு இருபதுக்கே போட்டனான். ஏன் போகல்ல?” என்று கேட்டான். சிக்னல் இல்லாமல் இருந்திருக்கும் என்றேன். அவன் அந்தப் போனை விற்றுவிட்டான். குழுவை விட்டும் போய்விட்டான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், இப்போதும் விடியமுன் எழும்பி அந்தக் கட்டைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறானாம்.

துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடிந்த பிறகு காக்காவின் மனைவி நதீரா என்னை வரச் சொன்னார். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மகளின் கையில் அந்தக் கொப்பியைக் கொடுத்துவிட்டார். “அவர் எழுதினதெல்லாம் ஒங்களுக்குத்தான் விளங்கும்” என்றார்.

தை மாதப் பக்கத்தில் இப்படி இருந்தது. ‘மயில் உள்ளான், கூடு, நாலு முட்டை. கண்டது ஹாதிக். பேரப் போட ஆசைதான், அவன்ட சட்டம் விடாது. நண்பர் எண்டு போடுறன். அவனுக்கு விளங்கும்.’

வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தரம் வாசித்தேன். மனம் இரங்கத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், கொப்பியில் எழுதி என்ன பிரயோசனம்? கொப்பியை யார் பார்க்கிறார்கள்?

இதன் ஒரு பிரதியைப் பொலிசுக்கும் கொடுக்கிறேன். அட்மின் பொறுப்பை நஸ்லாவுக்கு மாற்றிவிட்டேன். தனுசனிடம் யாராவது போய், அவனுடைய போனில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்று சொல்லுங்கள்.

எனக்கு ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த மயில் உள்ளான் படத்தைத் திரும்பவும் போடுவீர்கள், ஆறாயிரம் பேரும் பார்ப்பார்கள். கீழே ‘ஒரு நண்பர்’ என்று இருப்பதை எடுத்துவிட்டு, ‘ஹாதிக்’ என்று போடுங்கள்.