ஏழாவது பாட்டு

— நிறுத்து அந்தப் பாட்ட. நிறுத்துன்றேன் இல்ல!

— டாடி, இது ஏழாவது பாட்டு. இன்னும் ரெண்டு இருக்குது. என் மொத ஆல்பம், முழுசா கேளுங்க ப்ளீஸ்.

— ஆறு பாட்டும் சோக்கா கீது லூயிசா. ஊரே கேக்கட்டும். இத்த மட்டும் எடுத்துடு.

— நாளைக்கு பெங்களூர் ஸ்டுடியோல மாஸ்டர் குடுக்கணும். அப்புறம் கேசட் அடிச்சிடுவாங்க.

— அப்ப இன்னிக்கே போன் பண்ணு. ராபர்ட்சன்பேட்டை பூத்துக்கு நானே கூட வரேன்.

— இன்னாத்துக்குன்னு சொல்லுங்க.

— எதிர் வீட்ல ஜெயசீலி கீறா. அவ காதுல இது விழக்கூடாது.

— பாட்டுல யார் பேரும் இல்லியே.

— பேரு வேற வேணுமா? ‘காய்ச்சல்னு ஒருத்தன் படுத்துக்கினான், கூட்டாளி சொரங்கக் கேஜ்ல எறங்கினான்’. மாரிகுப்பத்துல எவன் கேட்டாலும் இந்த ஆர்தரையும் ஜெயசீலி புருசன் ஏசுபாதத்தையும்தான் நெனைப்பான். தங்க மைன்ஸே மூடி நாலு மாசம் ஆவுது, இப்ப போயி ஏம்மா கிளர்றே?

— பாறை வெடிச்சு செத்தவர பத்திப் பாடக்கூடாதா?

— அவன் செத்தத பாடு. ஆனா அவனே கேட்டு என் ஷிஃப்ட்டுக்குப் போனான்னு ஜெயசீலி கிட்ட சொல்லி வச்சிருக்கேன். இருவது வருசமா நம்பினு கீறா. உங்கம்மா போனதுலர்ந்து ஞாயித்துக்கிழம ஆனா எனக்குக் கறிக்கொழம்பு வேற எடுத்துனு வரா.

— டாடி, உங்க வாயால சொல்லுங்க. அன்னிக்குக் காய்ச்சல் இருந்துச்சா?

— இல்ல.

— அப்புறம்?

— அதுக்கு மொத நாளு சொரங்கத்துல எங்க லெவல்ல பாறை படபடன்னு சத்தம் போட்டுச்சு. வெடிக்கப் போவுதுன்னு பயந்துட்டேன். நீ அப்ப மூணு மாசக் கொழந்த. காத்தால அவன் வீட்டாண்ட போயி, காய்ச்சல்டா, என் ஷிஃப்ட்டுக்கு நீ போயிடுன்னேன். சரி மச்சான்னான். ஒரு கேள்வி கேக்கல.

— பாறை சத்தம் பத்தி சொன்னீங்களா?

— சொன்னா போவ மாட்டானே! அய்யோ, அவன நான்தாம்மா கொன்னேன்.

— அழாதீங்க டாடி.

— இரு. இத்த உங்கம்மா கிட்ட கூட நான் சொன்னதில்ல. சாமியார் கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி முட்டி போட்டும் வாய் வரல. உனக்கு எவன் சொன்னான்? மேஸ்திரியா?

— இல்ல.

— பின்ன யாரு? சொல்லித் தொலையேன்!

— அவரா ஒத்துக்கினா மட்டும் சொல்லுன்னாங்க. நீங்க ஒத்துக்காம இருந்திருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்.

— யாருடி?

— ஜெயசீலி அத்தை. ஏசுபாதம் மாமா, ‘ஆர்தருக்குக் காய்ச்சல் இல்ல, பயம். அந்த லெவல்ல பாறை சத்தம் போடுதுன்னு எனக்கும் தெரியும். அவனுக்குப் பச்சக் கொழந்த கீது, நமக்குத்தான் யாரும் இல்லியே’ன்னு அத்தை கிட்ட சொல்லிட்டுத்தான் அன்னிக்கு எறங்கினாராம்.