போர்வையில் இறங்கிய சிவப்பு

– தேய்க்காதீங்க. தேய்ச்சா சிவப்பு இன்னும் பரவும். சோப்புத் தண்ணியில முழுசா முங்கிக் கிடக்கட்டும். காய விட்டாத்தான் கறை நின்னுபோகும்.

– நீ பேசாத. நல்லா இருந்த போர்வையை வெந்நீர்ல முக்கிட்டு எனக்கே பாடம் எடுக்குறியா?

– காய்ச்சல்ல வேர்த்து வேர்த்துக் கிடந்தீங்க. போர்வை நாறிப்போச்சு. வேற என்ன செய்ய?

– பச்சைத் தண்ணியில அலசணும். இதுல இருக்கிற பூவெல்லாம் அவ எனக்காகத் தச்சது. அவ போனப்புறம் இது ஒண்ணுதான் மிச்சம்னு உனக்குத் தெரியும்ல?

– தெரியாம? ரெண்டாந்தாரமா வந்த அன்னைக்கு, பெட்டியைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடியே இந்தப் போர்வையைத்தான் காட்டுனீங்க. குடிக்கத் தண்ணி அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

– செத்தவ மேல உனக்கு இன்னும் பொறாமை.

– இல்லாமப் போகுமா? உயிரோட இருந்தா கொண்டையைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கலாம். இவளை என்ன செய்யிறது? அடுப்புல எதையும் தீய விடமாட்டா, எதுத்துப் பேச மாட்டா, கிழவியும் ஆக மாட்டா. நமக்கு நடுவுல படுத்துக்கிட்டே இருப்பா.

– அதான் வேணும்னே கெடுத்துட்ட.

– கெடுக்கணும்னா வீட்டுல கத்தரிக்கோல் இல்லையா?

– கத்தரிச்சா மாட்டிக்குவ. வெந்நீர்னா தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம். எனக்குப் படிப்புதான் இல்லை, மூளை இருக்கு.

– அந்த மூளையோட இந்த வெள்ளைத் துணியைப் பிடிங்க. ஒவ்வொரு பூவா ஒத்திப் பாருங்க. எது சாயம் விடுதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் தொட்டா அதுக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பீங்க.

– இலை ஒட்டலை. மஞ்சள் ஒட்டலை. இந்த ஓரத்துப் பூ சிவப்புதான், இதுவும் ஒட்டலை.

– தலைமாட்டுப் பக்கம் வாங்க.

– இந்தா, இது ஒட்டுது. துணியெல்லாம் சிவப்பு. இந்த ஒரு பூதான்.

– ஒண்ணே ஒண்ணு. நல்லாப் பாத்துக்கோங்க.

– அதெப்படி? எல்லாத்துக்கும் ஒரே வெந்நீர்தானே? நீ இது மேல மட்டும் எதையோ ஊத்தியிருக்க.

– ஆமா, விஷத்தை ஊத்துனேன்.

– விளையாடாத. அவ நூல் வாங்கினா முதல்ல கொதிநீர்ல ஊறப்போடுவா. சாயம் பூராவும் கக்கினப்புறம்தான் ஊசியில கோப்பா. கண்ணால பாத்தவன் சொல்றேன், அவ தச்ச பூ ஓடாது.

– ஓடாதுதான். இது அவ தச்சதில்லை, நான் தச்சது.

– நீயா?

– காய்ச்சல்ல புரண்டீங்கள்ல, அப்போ இந்தப் பூ உங்க சட்டை பட்டன்ல மாட்டி நூல்நூலா வந்துடுச்சு. நீங்க முழிக்கிறதுக்குள்ள ஊசி ஓட்டையைப் பாத்துப் பாத்து அப்படியே தச்சு முடிச்சேன். நூலை ஊறப்போட அவகாசம் இல்லை.

– என்கிட்ட சொல்றதுக்கு என்ன?

– சொன்னா நான்தான் பிச்சேன்னு சொல்லியிருப்பீங்க. முழிச்சதும் அந்தப் பூவைத்தான் தடவுனீங்க, அவ பேரைச் சொல்லிக்கிட்டு. நான் பக்கத்துல மருந்தை வச்சுக்கிட்டு நின்னேன்.

– சரி விடு. ஒரு பூ போனாப் போகுது. மத்ததெல்லாம் அவ கையால தச்சது இருக்கே, எனக்கு அது போதும்.

– எங்க இருக்கு? நூலுக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்குங்க, அவ தச்சதெல்லாம் எப்பவோ ஒண்ணொண்ணா உதிர்ந்துபோச்சு. மத்த பூவுக்கெல்லாம் நூலை ஊறப்போட்டுத் தைக்க எனக்கு நேரம் இருந்துச்சு, அதான் ஓடலை.