சீட்டைப் பிடித்த கை

— யாரும் பிடிக்கலம்மா. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நானாத்தான் சைக்கிள் கத்துக்கிட்டேன்.

— எந்தச் சுவரு?

— அந்தப் பழைய செங்கல் சூளை இருக்குல்ல, அதோட சுவரு.

— உர்சுலா, வெளிச்சத்துக்கு வா. முட்டியக் காட்டு.

— எதுக்கும்மா?

— காட்டுடி. ம். அந்த முட்டி. ஒரு கீறல் இல்ல. டயருக்கு வழியில்லாம தோட்டத்து ரப்பர் குழாய வெட்டிச் சுத்தின சைக்கிளு. ஆம்பளைங்களே அதுல விழுந்து எழுந்திரிக்கிறாங்க. நீ மட்டும் விழவே இல்ல?

— மெதுவா ஓட்டுனேன்.

— மெதுவா ஓட்டுனாத்தான் விழும். சீட்டைப் பிடிக்க ஆளில்லாம எந்தப் புள்ளையும் சைக்கிள் கத்துக்கிட்டதில்ல. யாரு பிடிச்சது?

— மாதா மேல சத்தியமா...

— மாதாவ இழுக்காத. நீ பொய் சொல்றப்பதான் மாதா வருவாங்க. சரி, அப்புறம் சட்டியில மரவள்ளிக்கிழங்கு தினமும் குறையுதே, அது?

— எலியா இருக்கும்.

— எலி உப்பையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போகுமா?

— பசிச்சுதும்மா.

— பசிச்சா இங்கயே தின்னிருப்ப. இலையில மடிச்சு எடுத்துக்கிட்டுப் போகமாட்ட. இராஜம்மா அக்கா பார்த்திருக்கு. சூளைக்குப் பின்னாடி தாடி வச்ச ஆள் ஒருத்தன் ஒன் சைக்கிள் பின்னாடியே ஓடுறானாம். யாருடி அவன்?

— அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.

— அக்காவுக்குக் கண்ணு இல்ல, எனக்கு அறிவு இல்ல. ஒனக்கு மட்டும் எல்லாம் இருக்கு. ஊரே பட்டினி கிடக்கு. இந்த நேரத்துல ஊர் பேர் தெரியாத ஒருத்தன் பொம்பளப் புள்ளைக்குச் சும்மா சைக்கிள் கத்துக்கொடுப்பானா? ஒன்கிட்ட என்ன கேட்டான்? தொட்டானா?

— இல்லம்மா. சீட்டைத்தான் பிடிப்பாரு.

— ஆங். பிடிப்பாரு. அப்ப ஆள் இருக்கு.

— அவரு நல்லவரும்மா.

— நல்லவன் வீட்டு வாசலுக்கு வருவான். சூளைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுப் புள்ளைய வரச்சொல்ல மாட்டான். எங்கேருந்து வந்தான்?

— சொல்லமாட்டேன். சொன்னா அவரைக் கொன்னுருவாங்க.

— அப்படிச் சொல்லி வச்சிருக்கானா? சரி, நீ சொல்லவே வேணாம். காலையிலயே சபாபதி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.

— ஜப்பான்காரன் கொடுத்த பட்டையக் கையில கட்டிக்கிட்டு நம்ம ரயில்வே கோட்டர்ஸ்ல காவல் சுத்துறாரே, அந்த மாமாகிட்டயா?

— அவருகிட்டதான். பொழுது சாய்ஞ்சதும் ஆளுங்களோட கம்பு எடுத்துக்கிட்டுச் சூளைக்குப் போறாரு. திருடனா இருந்தா அடிப்பாரு. சயாம் ரயில் பாதை வேலையிலேருந்து ஓடி வந்தவனா இருந்தா ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சிருவாரு.

— வேணாம்மா. அவங்களப் போகவேணாம்னு சொல்லும்மா. நான் இனிமே சைக்கிளத் தொடமாட்டேன்.

— எவனோ ஒருத்தனுக்காக இப்படி அழுவுறியே. முட்டி சரியில்லாத மனுஷன்னு நான் கால்ல விழுந்து கெஞ்சியும் ஒங்கப்பாவ ஜப்பான்காரன் லோரியில ஏத்திக்கிட்டுப் போனான். சயாம்ல காலராவுல போயிட்டாருன்னு கூடப் போன நாகையா திரும்பி வந்து சொன்னப்ப, கோயில்ல பூசை வச்சோம். அன்னைக்குக்கூட நீ இப்படி அழல. எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான் உர்சுலா. ஒன்னையும் எவனாவது கூட்டிக்கிட்டுப் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?

— அவரு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டாரு.

— ஒனக்கு எப்படித் தெரியும்? சைக்கிள வெளிய எடு. என்னதான் கத்துக்கொடுத்திருக்கான்னு பாக்குறேன். ஏறு.

— இப்பவா?

— இப்பத்தான். எங்கடி சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போற? சங்கிலி கவுன்ல மாட்டும். எல்லாரும் இடப்பக்கமா நின்னுதான் ஏறுவாங்க.

— எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு. வலதுகாலால மிதிச்சு ஏறணுமாம். இடதுகாலை நம்பக்கூடாதாம்.

— என்ன சொன்ன?

— இடதுகாலை நம்பக்கூடாதுன்னாரு.

— உர்சுலா, இங்க பாரு. இந்த பிரிக்பீல்ட்ஸ்ல வலப்பக்கமா ஏறுற ஆளு ஒருத்தருதான். ரயில் பெட்டி கோக்குறப்ப இடதுமுட்டி நசுங்கினதுலேருந்து அப்படித்தான் ஏறுவாரு. கோட்டர்ஸே கேலி பண்ணும்.

— நான் சொல்லலம்மா. அவருக்குச் செஞ்ச சத்தியத்தக் காப்பாத்திட்டேன். நீயாத்தான் கண்டுபிடிச்ச.

— நாகையா கண்ணால பார்த்தேன்னு சொன்னாரே.

— காலராக் கொட்டகையில செத்தவங்களோட போட்டுட்டாங்களாம். அங்கேருந்து ஊர்ந்து வெளிய வந்தாராம்.

— என்கிட்ட ஏண்டி சொல்லல? என்கிட்ட வராம ஏன் அங்க கிடக்குறாரு?

— ஒனக்குத் தெரிஞ்சா ஒன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துரும்னாரு. சபாபதி மாமா தினமும் வீட்டுக்கு வந்து எட்டிப் பாக்குறாருல்ல.

— ரொம்ப மெலிஞ்சிட்டாரா?

— ஆமா. பல்லு கொஞ்சம் போச்சு. ஆனா சிரிச்சா அப்பாதான்.

— மாதாவே. நானே ஆளு அனுப்பி வச்சிட்டேனே. வெயில் இறங்கிடுச்சு, நான் நடந்து போய்ச் சேர முடியாது. நீ போ. இப்பவே ஆத்தோரமா இறங்கிடச் சொல்லு. கேரி தீவுல ஒன் செபாஸ்டியன் மாமா இருக்காரு, அவரு வீட்டுக்குப் போகச் சொல்லு. நாம பின்னாடி வரோம்னு சொல்லு.

— தனியாவா? அவரு இன்னும் சீட்டை விட்டதே இல்லம்மா.

— நான் பிடிக்கிறேன். மிதி.

— பிடிச்சிருக்கியா?

— பிடிச்சிருக்கேன். முன்னாடி பாரு.

— அம்மா, பிடிச்சிருக்கியா?

— பிடிச்சிருக்கேன்டி, திரும்பாத. போ.

— அம்மா?

— என்ன பெர்னடெட் தங்கச்சி, ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டு மூச்சு வாங்குற?

— சபாபதி அண்ணனா? ஒண்ணுமில்லண்ணே. புள்ள பின்னாடி ஓடி வந்தேன்.

— நல்லாத்தான் பறக்குறா. நாங்களும் அந்தப் பக்கந்தான். பசங்க கம்பு எடுக்கப் போயிருக்கானுங்க.

— நீங்க போகவேணாம்ணே. அங்க யாரும் இல்ல. இராஜம்மா அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.

— காலையில நீதானே தாடிக்காரன்னு வந்து நின்ன? சும்மா கேக்குறேன் லா.

— ஆம்பள இல்லாத வீடு. யாரு எதச் சொன்னாலும் பயந்து போயிடுறேன்.

— அப்ப புள்ளைக்கு யாரு கத்துக்கொடுத்தது?

— யாரும் இல்லண்ணே. சூளைச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு அவளாவே கத்துக்கிட்டா.

— இருக்கும், இருக்கும். ஆனா ஏறுனதப் பார்த்தேன் தங்கச்சி. வலப்பக்கமா ஏறுனா. இந்தக் கோட்டர்ஸ்ல அப்படி ஏறுறவன் ஒன் புருஷன் பேசில் ஒருத்தன்தான். சும்மா கேக்குறேன் லா.

— சுவரு இடப்பக்கம் இருந்துச்சுண்ணே.