இன்ஸ்டெட் ஆஃப் போட்டு ஒண்ணு சொல்லு

மூத்தவள்: மூலையை இழுத்துப் பிடிடீ, விரிப்பு தரையில படுது. ம்... இப்ப சொல்லு. இன்ஸ்டெட் ஆஃப்.

இளையவள்: ஐ டிரிங்க் காபி இன்ஸ்டெட் ஆஃப் டீ.

மூத்தவள்: இப்ப எதைக் குடிச்சிட்டு வந்தே?

இளையவள்: டீ.

மூத்தவள்: அப்ப தலைகீழா சொல்லிட்டே. நாம வேணாங்கிறதை முதல்ல சொல்வோம், காபிக்குப் பதிலா டீ. அவங்களுக்கு வேணுங்கிறதுதான் முதல்ல. டீ இன்ஸ்டெட் ஆஃப் காபி.

இளையவள்: ஓரகத்திக்கு ஓரகத்தி பாடம் எடுக்கிற அதிசயம் இந்த ஓட்டல் சலவை அறையிலதான் நடக்கும்.

மூத்தவள்: வாயடிக்காத. நாளைக்கு மேனேஜரம்மா உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க. மாடி சூப்பர்வைசர் வேலைன்னா சும்மாவா? அறையில இருக்கிறவங்க தலையணை வேணாம், போர்வை குடுன்னா, நீ பாட்டுக்கு இன்னொரு தலையணையைத் தூக்கிட்டுப் போய் நிப்பியா?

இளையவள்: சிரிக்காதீங்கக்கா... பிளாங்கெட் இன்ஸ்டெட் ஆஃப் பில்லோ.

மூத்தவள்: அப்படிப் போடு! இன்னொண்ணு.

இளையவள்: மை ஹஸ்பெண்ட் ஸ்லீப்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் வொர்க்கிங்.

மூத்தவள்: வாக்கியம் சரி. என் கொழுந்தன் மானம்தான் கப்பலேறிடுச்சு.

இளையவள்: ஏன்க்கா... உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. நீங்களே இந்த வேலைக்குப் போயிருக்கலாமே?

மூத்தவள்: எனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? மாடி மாடியா ஏறி இறங்கணும். முட்டி கழண்டுடும்.

இளையவள்: லிஃப்ட் இருக்கே.

மூத்தவள்: லிஃப்டுல ஏறினா தலை சுத்தும்.

இளையவள்: முந்தாநேத்து மேல்மாடிக்கு அதுலதானே போனீங்க?

மூத்தவள்: சுத்துச்சே... அடுத்த விரிப்பை எடு. பேச்சை மாத்தாத.

இளையவள்: இதுவும் வேலை பத்தின பேச்சுதான். இது கெடச்சா எனக்கு எப்பவும் பகல் ஷிஃப்ட். புள்ளைக்கு ராத்திரி மூச்சு இழுக்கறப்ப நான் பக்கத்துல இருப்பேன். இப்ப நான் ராத்திரி முறைக்கு வந்துட்டா, நீங்கதான் அவளை நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கீங்க. காலையில கண்ணு செவசெவன்னு இங்க வந்து நிக்கறீங்க.

மூத்தவள்: பெரியம்மாங்கறது பேருக்கா? அவ எனக்கும் புள்ளதான்.

இளையவள்: கெடைக்கலேன்னா என்னக்கா பண்றது?

மூத்தவள்: கெடைக்கும்.

இளையவள்: எப்படி அவ்வளவு அடிச்சுச் சொல்றீங்க?

மூத்தவள்: என் வாய் முகூர்த்தம் அப்படி. அதோட... போட்டிக்கு யாரும் இல்லையாமே.

இளையவள்: யாருமே இல்லையா?

மூத்தவள்: இல்லன்னுதான்... கேள்விப்பட்டேன்.

இளையவள்: ஓ... கேள்விப்பட்டீங்க.

மூத்தவள்: என்னடீ, போலீஸ்காரி மாதிரி குடையறே? கடைசியா ஒண்ணு சொல்லு, இதோட மடிச்சு முடிச்சிடலாம். கொஞ்சம் பெரிசா சொல்லு.

இளையவள்: மை சிஸ்டர்... கேவ் த ஜாப் டு மீ... இன்ஸ்டெட் ஆஃப் டேக்கிங் இட் ஹெர்செல்ஃப்.

மூத்தவள்: இரு, இரு... என்ன சொன்னே?

இளையவள்: விரிப்பை விட்டுட்டீங்கக்கா.

மூத்தவள்: யாருடீ சொன்னா உனக்கு?

இளையவள்: மேனேஜரம்மாதான். காலையிலேயே கூப்பிட்டுட்டாங்க. "இந்த வேலையை உங்க அக்காவுக்குத்தான் குடுக்கிறதா இருந்தேன். எனக்கு வேணாம், வீட்டுச் சின்னவளுக்குக் குடுங்க, இங்கிலீஷ் நான் சொல்லித் தர்றேன்னு வந்து நிக்கறாங்க. ஓரகத்திங்க இப்படியும் இருப்பீங்களா?"ன்னு கேட்டாங்க.

மூத்தவள்: நீ என்ன சொன்னே? எனக்கும் வேணாம் கீணாம்னு உளறிட்டியா?

இளையவள்: இல்லக்கா. வெக்கத்தை விட்டு வாங்கிக்கிட்டேன். கேள்வியெல்லாம் அங்கயே கேட்டு முடிச்சிட்டாங்க. திங்கக்கிழமையில இருந்து மாடி வேலை.

மூத்தவள்: அப்பாடா... என் வயித்துல பாலை வார்த்தே! இரு, இரு... அப்ப வேலை கெடச்சாச்சு. கெடச்ச பிறகும் காபி, டீ, தலையணைன்னு இவ்வளவு நேரம் என் உயிரை எதுக்குடீ வாங்கினே?

இளையவள்: நன்றிக்கான்னு நேரா வந்து சொன்னா, போடீ வேலையப் பாத்துக்கிட்டுன்னு பாதியிலேயே வெரட்டிடுவீங்க. நீங்க சொல்லிக் குடுத்த பாஷையில சொன்னா, தப்பு இருக்கான்னு பாக்கவாவது முழுசாக் கேப்பீங்கல்ல... அதுக்குத்தான்.