எங்கள் வீட்டுக்காரரின் கைராசி

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்த ஆம்பளையை எழுப்புவது லேசான காரியம் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் முத்திருளன் அதில் இன்னும் ஒரு படி மேல். விளாங்குடியில் எங்கள் வாசலில் தண்ணீர் லாரி நின்று ஹாரன் அடித்தாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டார். நான் செய்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். ராத்திரியில் பதுங்கிப் பதுங்கிச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டப்பகலில், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிதானமாகத்தான் செய்தேன்.

அவருக்கு மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. உயிர் மட்டும் பைக்கில். ஞாயிறு காலையானால் தெரிந்தவர் யாருடைய வண்டியாவது எங்கள் வாசலில் நிற்கும். டேப்பட் செட்டிங்தான் அவருடைய தனி வித்தை. எஞ்சினுக்குள் இரண்டு வால்வு திறந்து திறந்து மூடும். அவற்றின் தலைக்கு மேல் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் டிக்டிக்கென்று சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வண்டி சூடானதும் வால்வு சரியாக மூடாமல் நடுவழியில் நின்றுவிடும். மெல்லிய தகட்டை உள்ளே விட்டுப் பார்த்து, ஸ்குரூவைத் திருப்பி, நட்டை முடுக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருந்தால்தான் அளவு சரியாக வரும். பக்கத்தில் நின்று செல்போன் லைட்டைப் பிடிப்பது நான் என்பதால் இதெல்லாம் தெரியும்.

ஒரு தடவை, தகட்டை நான் விட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"இந்தா செல்லத்தாயி, இது தோசைக்கரண்டி இல்ல. லைட்ட மட்டும் ஆடாமப் புடி" என்றார்.

வண்டி கொண்டுவந்திருந்த பக்கத்துத் தெரு சோணை சிரித்தான். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. சோணை அன்று மஞ்சள் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். மேல் பட்டன் அறுந்திருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டில் ஒர்க் ஷாப் போடப் போகிறாராம். மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு கிரீஸ் டப்பாவோடு உட்காரப் போகிறேன் என்றால் எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பாள், நீங்களே சொல்லுங்கள். வாயால் சொன்னால் சண்டை வரும். எனக்குச் சண்டை பிடிக்காது.

அடுத்த ஞாயிறு அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் வாசலுக்கு வந்தேன். காலையில் இவர் சரிபார்த்து நிறுத்தியிருந்த வண்டி நன்றாக ஆறியிருந்தது. டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் உருட்டி, எஞ்சின் பக்கவாட்டில் தெரிகிற குறியை நேராக வைத்து, மூடியைக் கழற்றித் தகட்டை விட்டேன். ஈரத்துணியிலிருந்து இட்லி பிரிகிற மாதிரி லேசான பிடிப்போடு போய் வந்தது. சுத்தமான வேலை. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் தளர்த்தி, பழையபடி மூடிவிட்டேன்.

சாயங்காலம் வண்டிக்காரர் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக்கென்று அடித்தது. "காலையில சத்தமே இல்லையேப்பா" என்று இவர் விழித்தார். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அது பலிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சத்தம் வந்தது, இவரும் வண்டி ஆறும்வரை உட்காரவைத்துக் கதை பேசி, மறுபடி சரிசெய்து கொடுத்தார். "அண்ணே மாதிரி பொறுமை யாருக்கு வரும்" என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள். விருப்ப ஓய்வுக்கு எழுதிப் போடும் நாள்கூடப் பார்த்துவிட்டார். அதனால் அந்த ஞாயிறு வந்த சோணை வண்டியில் மட்டும் தளர்த்தாமல் இறுக்கினேன்.

சோணை மறுநாள் எழுமலைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியவன். அது எனக்குத் தெரியும். சாயங்காலம் ஸ்டார்ட் செய்தபோது சத்தமே இல்லை. "புது வண்டி மாதிரி இருக்குண்ணே" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் உசிலம்பட்டி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். போய்ச் சேரும்போது எமகண்டம் பிறந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று பெண்வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் அவ்வளவு கிரீஸைப் பார்த்தால் யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும்.

சோணை வந்து சண்டை போட்டிருந்தால் இவர் தாங்கியிருப்பார். "பரவால்லண்ணே, எனக்கு அம்புட்டுத்தான் குடுத்துவச்சது" என்று சொல்லிவிட்டுப் போனான். இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே வந்து, "எங்கையில என்னமோ கோளாறு செல்லத்தாயி" என்றார். அந்த வாரம் கறியில் இரண்டு துண்டு கூடவே வைத்தேன்.

திருப்பரங்குன்றம் போய்க் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். வேலைக்குப் போகிற இடத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர்களையும் ஒருமுறை வாசித்துச் சொல்லச் சொல்வாராம். கேஸை மூடினோமா என்று படுத்த பிறகு எழுந்துபோய்ப் பார்ப்பார். ஒர்க் ஷாப் பேச்சு நின்றது. குடும்பம் தப்பித்தது. வண்டிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன, திருப்பி அனுப்பினால் நன்றாக இருக்குமா. எதிர்வீட்டு முத்துமீனாவின் ஸ்கூட்டரை நான் பார்த்துக் கொடுத்தேன். "பெரியம்மா, உங்க கையே கை" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் மெயின் ரோட்டில் கடை பிடித்தேன். சோணையே வந்து போர்டு மாட்டிக் கொடுத்தான். செல்லத்தாய் டூவீலர் ஒர்க்ஸ். எல்லாம் தானாக அமைந்ததுதான்.

போன மாதம் இவர் சர்வீஸை முழுசாக முடித்து ஓய்வு பெற்றார். மாலையெல்லாம் போட்டு, வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். பென்ஷன் வருகிறது. இனிமேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று கடைக்கு வந்தார். "நான் ஒண்ணு பாக்கட்டுமா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு வண்டியைக் கொடுத்தேன். தகட்டை மூன்று தடவை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நட்டை முடுக்கினார். முடித்துவிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு சிரித்தார். டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

தகட்டை விட்டுப் பார்த்தேன். என் அளவைவிடச் சுத்தமாக இருந்தது. அவர் டீயோடு திரும்புவதற்குள் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கி, மூடிவிட்டேன். குடும்பத்தை யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டாமா.